மாலை போடாத விரதம்: எடுத்த முடிவில் நிற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் 23 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டை நீட்டும்போதே மனசில் உள்ளதையும் சொல்லிவிடுவார்கள். "அண்ணாச்சி, நாளையில இருந்து இனிப்பத் தொடமாட்டேன்." "இந்த மாசத்தோட பீடிய விட்டிருதேன்." "காலம்பற நடக்கணும்னு பாக்கேன், முடியமாட்டேங்கு." சுகர், பிரஷர், புகை, குடி, தூக்கம், படிப்பு என்று விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். கேள்வி மட்டும் அநேகமாக ஒன்றுதான். நானும் 17 வருஷம் சிகரெட் பிடித்தவன். மூன்று முறை விட்டு, மூன்று முறையும் திரும்பப் போய், நாலாவது முறையாக 2014-ல் விட்டேன். அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்டும் கேட்காததுபோல இருக்க என்னால் முடிவதில்லை. கூட்டத்துக்கு நடுவில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன்.

மாலை போட்டால் 48 நாள் ஒழுங்காக இருக்க முடிகிறது. நானாக எடுக்கிற முடிவு நாலு நாள்கூட நிற்பதில்லையே, ஏன்?

புரட்டாசியிலும் கார்த்திகையிலும் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குத் தசரா மாலை போடுகிறவர்களைப் பாருங்கள், சபரிமலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். வருஷம் பூராவும் குடித்த ஆள், மாலை கழுத்தில் விழுந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்புவதில்லை. செருப்புகூடப் போடாமல் வெயிலில் நடக்கிறார். அவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? இருந்து காட்டியிருக்கிறாரே. ஆகவே "எனக்கு உறுதி போதாது அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

மாலை என்னென்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில், அது கண்ணுக்குத் தெரிகிறது. தெருவில் எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். நேற்று வரை கிளாஸை நீட்டிய கூட்டாளி இன்றைக்கு ஒதுங்கி நிற்கிறார். அடுத்து, அதற்கு நேரம் உண்டு. விடியுமுன் குளியல், பொழுது சாய்ந்ததும் பூஜை. இன்றைக்குச் செய்யலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. அப்புறம் குழு. ஒரு நாள் ஆளைக் காணோம் என்றால் குருசாமி வீட்டுக்கே வந்துவிடுவார். வீடும் மாறிவிடும். கறி மீன் வாங்குவதில்லை, சாமிக்கென்று தனிப் பாத்திரம், தனிப் பாய்.

நாமாக எடுக்கிற முடிவுக்கு இதில் ஒன்றாவது இருக்கிறதா? ராத்திரி படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு எடுத்த முடிவு அது. எடுத்ததும் யாருக்கும் தெரியாது, விட்டதும் யாருக்கும் தெரியாது. சாட்சியில்லாமல் வந்தது, சாட்சியில்லாமல் போய்விடுகிறது. வெளியே இருந்து தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத முடிவைத்தான் நாலு நாளாவது பிடித்து நின்றோம் என்று பார்த்தால், அந்த நாலு நாளே பெரிய காரியம்.

மாலைக்கு உள்ள ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதற்கு முடிவு தேதி இருக்கிறது. சம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்த மறுநாள் பலரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். 48 நாளில் உடம்பு தேறியிருக்கும், கையில் காசு மிஞ்சியிருக்கும், பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கியிருக்கும். அந்த 49-வது நாளை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அந்த 49-வது நாளுக்காகத்தான்.

அப்படியானால் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம். சாமி மாலையைச் சொல்லவில்லை, அது வேறு விஷயம். மாலை செய்கிற வேலைகளை வேறு பொருளுக்குக் கொடுக்க முடியும்.

நான் சிகரெட்டை விட்டபோது கடையில் தொங்கும் தினசரி காலண்டரைத்தான் பிடித்துக்கொண்டேன். சிகரெட் பிடிக்காத நாளின் தாளைக் கிழித்துக் குப்பையில் போடாமல், கல்லாவுக்கு மேலே ஒரு குத்தூசியில் குத்தி வைப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் "என்ன அண்ணாச்சி, பழைய தேதியெல்லாம் சேத்து வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே அந்த விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. நாப்பது ஐம்பது தாள் சேர்ந்த பிறகு அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்கடைக்கு நடக்கக் கால் வராது.

நேரத்தையும் இடத்தையும் கட்டிவிடுவது அடுத்த வேலை. "தினமும் நடப்பேன்" என்பது ஆசை. "காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டுவேன்" என்பது ஏற்பாடு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதைத்தான் ஆராய்ந்தார். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் புது வேலையைக் கட்டிவிடுங்கள். நம் வீடுகளில் காலைக் காபி தவறுவதே இல்லை, அது நல்ல முளை.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மிக்சர் டப்பா கைக்கெட்டும் அலமாரியில் இருந்துகொண்டே இருந்தால், தினமும் பத்து தடவை உங்களோடு நீங்களே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டப்பாவை வீட்டைவிட்டு அனுப்பினால் ஒரே ஒரு தடவை கஷ்டப்பட்டால் போதும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். சொல்லிச் சொல்லி "ஆவது" உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது என்று ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். அது தானாக வரும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (84 நாளுக்கு மேலே போனது அவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் வந்தன, உடற்பயிற்சிக்கு நாளானது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை.

22-வது நாளும் கஷ்டமாக இருக்கிறதென்றால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை. கணக்குத்தான் தப்பு.

ரொம்பச் சின்னதாக ஆரம்பித்தால் பிரயோசனம் உண்டா? பத்து நிமிஷம் நடப்பதெல்லாம் ஒரு நடையா?

எங்கள் அம்மாவின் ஊர் திசையன்விளைப் பக்கம், செம்மண் தேரி ஓரம். தாத்தா பனையேறி. பதநீர் காலம் வந்துவிட்டால் அவருக்கு ஞாயிறும் கிடையாது, நல்ல நாளும் கிடையாது. காலையும் மாலையும் ஒவ்வொரு பனையிலும் ஏறி இறங்குவார். லீவுக்குப் போன ஒரு வருஷம், மரத்தின் மேலே அப்படி என்னதான் செய்கிறார் என்று கேட்டேன். முற்றத்தில் கிடந்த பழைய பாளை ஒன்றை எடுத்துக் காட்டினார். அரிவாளை வைத்து நுனியில் ஒரு சீவு. விழுந்தது என் நகத்தின் கனம்கூட இல்லாத ஒரு வட்டத் துண்டு. "இவ்வளவுதானா தாத்தா?" என்றேன். "இம்புட்டுத்தான். கூடச் சீவுனா பாளை சீக்கிரம் தீந்துபோவும். சீவாம விட்டா வாய் காஞ்சு அடச்சுக்கிடும். பொறவு நீ என்ன செஞ்சாலும் சொட்டாது" என்றார்.

அந்த மெல்லிய சீவலுக்காகத்தான் அவர் இரண்டு நேரமும் அத்தனை உயரம் ஏறினார். கலயத்தில் சொட்டுவது ராத்திரி முழுக்க நடக்கும், அது மரத்தின் வேலை. வாய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பத்து நிமிஷ நடையும் அப்படித்தான். முதல் மாதம் நீங்கள் நடப்பது எடை குறைவதற்காக இல்லை, வாய் காயாமல் இருப்பதற்காக. ஒரே நாளில் ஏழு கிலோமீட்டர் நடந்துவிட்டு, மூட்டு வலிக்கு என் கடையில் தைலம் வாங்கிக்கொண்டு போய், அத்தோடு நடையை விட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் தவறிவிட்டது. இனி என்ன செய்வது?

என்னுடைய மூன்றாவது தோல்வியைச் சொல்கிறேன். ஏழு மாதம் தொடாமல் இருந்தேன். ஒரு துக்க வீட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒன்றை நீட்டினார்கள். வாங்கிப் பற்றவைத்தேன். அது ஒரே ஒரு சிகரெட். மறுநாள் காலையில் மனசு சொன்னது: "ஏழு மாசமும் போச்சு, இனிமே என்ன?" சாயந்திரம் பாக்கெட் வாங்கினேன். அதற்கப்புறம் மூன்று வருஷம்.

அந்த ஒரு சிகரெட்டுக்கு மூன்று வருஷம் நீளம் கிடையாது. "போச்சு" என்ற நினைப்புக்குத்தான் அந்த நீளம். குடியிலிருந்து மீள்கிறவர்களோடு பல காலம் வேலை செய்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் கண்டு எழுதினார். ஒரு தடவை சறுக்குவது ஒன்று, முழுசாகத் திரும்பிப் போவது வேறொன்று. சறுக்கியதும் "நான் இப்படித்தான், எனக்கு வராது" என்று தன்னையே குற்றம் சொல்கிறவர்தான் முழுசாக விழுகிறார். "அந்த இடத்தில், அந்த நேரத்தில் இது நடந்தது" என்று பார்க்கிறவர் எழுந்துவிடுகிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நாலாவது முறை என்னால் நிற்க முடிந்தது. துக்க வீட்டுக்குப் போகும்போது பையில் என்ன வைத்துக்கொள்வது, யார் பக்கத்தில் உட்காருவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன்.

நடையிலும் எனக்கு இது நடந்தது. தினமும் விடியக்காலையில் கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற ஆற்றுப் பாலம் வரை நடந்து திரும்புவேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பெரிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழைதான். தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. அப்புறம் எங்கே பார்த்தாலும் சேறு, கடையில் காய்ச்சலுக்கும் சேற்றுப் புண்ணுக்கும் கூட்டம். மூன்று வாரம் நடை இல்லை. "தை பிறக்கட்டும், ஒண்ணாந்தேதியில இருந்து பாத்துக்கிடலாம்" என்று நானும் சொல்லிக்கொண்டேன். என்னோடு நடக்கிற ஒருவர், போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மார்கழிக் குளிரில் ஒரு நாள் டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார். "பாலம் வரைக்கும் வேண்டாம் அண்ணாச்சி. தெருமுனை வரைக்கும் வாங்க, போயிட்டு வந்திருவோம்." தெருமுனைக்குப் போனோம், திரும்பினோம். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுநாள் தபால் ஆபீஸ் வரை. தை பிறந்தபோது நாங்கள் பாலத்தில் இருந்தோம்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதில் தப்பில்லை, அது ஒரு தெம்பு கொடுக்கும். விட்டதை மறுபடி எடுப்பதற்கு நாள் பார்க்க வேண்டாம்.

என் முடிவை எல்லாரிடமும் சொல்ல வேண்டுமா? கேலி செய்கிறார்களே.

எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள் போதும். அவர் உங்களை மெச்சுகிறவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தவறாமல் கேட்கிறவராக இருக்க வேண்டும். "இன்னைக்கு நடந்தியா?" என்று கேட்டு, "இல்ல" என்றால் பிரசங்கம் செய்யாமல் "சரி, நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்கிற ஆள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அநேக வீடுகளில் அது ஆச்சியாகவோ, பத்தாங்கிளாஸ் படிக்கிற பேத்தியாகவோ இருக்கிறது.

கேலிக்கு ஆயுசு ஒரு மாதம். அதற்குமேல் அவர்களுக்கே சலித்துவிடும்.

கல்யாண வீட்டிலும் சீசன் நேரத்திலும்தான் எல்லாம் குலைகிறது. எப்படிச் சமாளிப்பது?

உண்மைதான். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் நம் வீடுகளுக்கு விருந்தாளி வரத்து. வந்தவர்களோடு அருவி, திரும்புகிற வழியில் பரோட்டா, ஊருக்குப் போகும்போது அல்வாப் பொட்டலம். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஓடும்.

பந்தியில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். "டாக்டர் இனிப்பு சாப்பிடக்கூடாதுன்னு சொல்லிருக்காரு" என்றால், பரிமாறுகிறவர் உடனே "ஒரு துண்டுல என்ன ஆயிரப்போவுது மாமா" என்று வைத்துவிடுவார். "நான் இனிப்பு சாப்பிடுதது இல்ல" என்றால் கரண்டி அடுத்த இலைக்குப் போய்விடும். முதலாவது பேச்சில் முடிவு டாக்டருடையது, அவர்தான் பந்தியில் இல்லையே. இரண்டாவதில் முடிவு உங்களுடையது, நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இலையில் விழுந்த பிறகு வேண்டாம் என்பது நமக்குக் கஷ்டம். இலையில் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே விழுமுன் சொல்ல வேண்டும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுத்து ஏக்கத்தோடு வீட்டுக்கு வருகிறவர்தான் ராத்திரி பத்து மணிக்கு அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

சீனியை விட்டுவிட்டேன். கருப்பட்டிக் காபி குடிக்கலாம்தானே?

சுகர் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: கருப்பட்டியும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச் சத்து கூட இருக்கிறது, ருசி இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. தாத்தா காய்ச்சிய கருப்பட்டியில் வளர்ந்தவன் நான், சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் குடியை விடமாட்டேன் என்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே?

கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறவர்கள் நிறைய பேர். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்வது எனக்கு இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. ஆனாலும் கொடுக்கமாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

அவர்கள் கேட்பது டைசல்பிரம் என்ற மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், சாராயம் உடம்பில் முழுசாகச் சிதையாமல் பாதியில் நின்று விஷமாகிவிடும். முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் திடீரென்று இறங்குவது. இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. சிலர் அதனால் குடும்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள். தெரியாமல் கலந்தால் அது மருந்தே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவரின் மாற்றத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்காக அம்மாமார்களும் மைனிமார்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், திட்டாமல், "உங்களுக்கு விடணும்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் "தோணிருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போகலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் குடும்பத்தாரும் பேசலாம். உங்கள் சொந்த மனசு ஓய்ந்துபோயிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

தினமும் குடிக்கிறவர் இன்றையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தலாமா?

பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், வீட்டில் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கும் நாலாவது நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மருந்தோடு நிறுத்தினால் அந்தச் சில நாளைக் கடந்துவிடலாம். மாலை போடப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். விரதத்துக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பீடி, சிகரெட்டை விட்டால் எத்தனை நாள் இந்தத் தவிப்பு இருக்கும்?

முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, பசி, ஒரு வேலையில் மனசு நிற்காமை. மூன்று நாலு வாரத்தில் அநேகமாக அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை ஆசை எழும்பும்போதும் அது நிலைத்து நிற்பது சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்தில் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை கொடுப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. கூப்பிட்டால் ஆலோசனை சொல்வார்கள்.

எனக்கென்று நேரமே இல்லை. ராத்திரி வரை பீடி சுற்றுகிறேன். படிக்கணும் என்று ஆசை மட்டும் இருக்கிறது.

முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தங்கச்சி கேட்டது இது. பதினொன்றாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று ஆசை. ஆஸ்துமா மருந்து வாங்க வரும். பீடியை விடச் சொல்லி ஆண்களிடம் தினமும் பேசுகிறவன் நான். அந்தப் பீடியைச் சுற்றித்தான் இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"நேரம் ஒதுக்கு" என்று அதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவே ஒரு வழி கண்டுபிடித்தது. மடியில் பீடித்தட்டு. 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. ஒரு கட்டு முடிந்து நூலைச் சுற்றி ஓரமாக வைக்கிறபோது, சுவரில் ஒட்டியிருக்கும் தாளை ஒரு தடவை படிக்கும். அடுத்த 25 சுற்றி முடிக்கிற வரைக்கும் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கும். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்குகிற விரல்களுக்கு மூளை தேவையில்லை, அவை பத்து வருஷமாகத் தானாக ஓடுகின்றன. ஆயிரம் பீடி சுற்றினால் 40 கட்டு, 40 தடவை படித்தாகிவிடும். வரலாறு முழுக்க அப்படியே படித்து முடித்தது. கணக்குப் பதிவியலுக்கு அது சரிப்படவில்லை, அதை மட்டும் பிள்ளைகள் தூங்கின பிறகு அரை மணி நேரம் எழுதிப் பார்த்தது. ஒரு பாடம் போனது, மற்ற எல்லாவற்றிலும் பாஸ். போன பாடத்துக்கு மறுபடி பணம் கட்டியிருக்கிறது.

ராத்திரி செல்போனை வைக்க முடியவில்லை.

சார்ஜரைத் தூக்கி அடுக்களையில் மாட்டுங்கள். அலாரத்துக்கு ஒரு பழைய டைம்பீஸ் வாங்குங்கள். இதற்குமேல் எனக்குத் தெரிந்து வேறு வைத்தியம் இல்லை.

எடுத்த முடிவை மாற்றலாமா? மாற்றினால் தோற்றதாக ஆகாதா?

முறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். சுகருக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை விடுவது என்று வைராக்கியமாக இருந்தார். சில மாத்திரைகள் நாம் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது நாள் ராத்திரி வியர்த்து மயங்கிவிட்டார். டாக்டரிடம் போய் மாத்திரை அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிக்கொண்டு வந்தார். "வாக்கு தவறிட்டனே அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டார். அவர் கொடுத்த வாக்கு உடம்பைப் பார்த்துக்கொள்வேன் என்பதுதானே? பட்டினி கிடப்பேன் என்பது அதற்கு அவர் போட்ட பாதை. பாதை அடைபட்டால் சுற்றிப் போகிறோம், ஊருக்குப் போவதை விட்டுவிடுவதில்லை.

யாரோ சொன்னதற்காக எடுத்து, உங்களுக்கு ஒரு நாளும் பிடிக்காத முடிவாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நிஜமாக வேண்டிய ஒன்றுக்கு அந்தத் தெம்பு மிஞ்சும்.

உங்களுக்கு இன்னும் சிகரெட் ஆசை வருமா, அண்ணாச்சி?

வரும். முன்னைப்போலத் தினமும் இல்லை. ஐப்பசி மழையில் கடை வாசலில் நிற்கும்போது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கைக்கு வரும்போது, வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பையில் இப்போதும் ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கிறது, அதற்குள் பத்துப் பன்னிரண்டு கிராம்பு. ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன். காரம் நாக்கில் ஏறி இறங்குவதற்குள் டீ ஆறியிருக்கும். குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்புவேன்.